மணிக்கு முப்பத்தாறு விநாடி

ஜூன் 3

மூன்று மாதிரிகள் வந்திருக்கின்றன. மூன்றும் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியவை. ஒவ்வொன்றிலும் ஒரு ரேடியோ ஒலிபரப்பி. இதைக் கழுத்துத் தோலுக்கு அடியில் வைத்துத் தைப்பார்கள். தொண்டை அறுவைக்குப் பின் குரல் போனவர்கள் பேச நினைக்கும்போது நரம்பில் எழும் துடிப்பை இது படித்து, நெஞ்சில் தொங்கும் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். பெட்டியை எங்கள் கம்பெனி போன வருடமே செய்துவிட்டது. எந்த ஒலிபரப்பியை வாங்கலாம் என்று பார்த்து எழுதுவது என் வேலை.

என் வேலை என்று எழுதியது சரியா தெரியவில்லை. நான் பரிசோதனை உதவியாளர். மாலைக் கல்லூரியில் மின்னணுவியல் டிப்ளமா இரண்டாம் ஆண்டு. இதைச் செய்ய வேண்டிய பொறியாளர் ஏப்ரலில் கனடா போய்விட்டார். அவருடைய நாற்காலியில் நான் இன்னும் உட்காரவில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டிருக்கிறேன்.

முதல் மாதிரியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். ஆனால் பேட்டரி நான்கு மாதம்தான் வரும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை கழுத்தைத் திறக்க வேண்டும். மூன்றாவது, பத்து நிமிடத்தில் நாற்பத்தாறு டிகிரிக்குச் சூடானது. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். இரண்டாவதில் பேட்டரி ஒன்பது வருடம் வரும்.

"அப்ப ரெண்டாவதுதான். அதுல என்னம்மா யோசன?" என்றார் முதலாளி சம்பத் சார்.

"அது இலவச அலைவரிசைல பேசுதுங்க சார். லைசென்ஸ் வேண்டாம். அதனாலயே எல்லாரும் அதுலதான் இருக்காங்க. தண்ணி மீட்டர், தெருவிளக்கு, பார்க்கிங் கேட்டு, மாட்டுக் கழுத்துல கட்டற பட்டை. ஒண்ணே பேசிட்டிருந்தா மத்தது வாயத் தொறக்க முடியாது. அதனால ஒரு கருவி ஒரு மணி நேரத்துல முப்பத்தாறு விநாடிதான் பேசலாம்னு விதி. அதுக்கு மேல அதுவே நின்னுக்கும். அடுத்த மணி அடிச்சாத்தான் மறுபடி வரும்."

"மாடு எவ்வளவு பேசுது?"

"ரெண்டு விநாடிங்க சார்."

"மனுசன்?"

"தெரியலீங்க."

"அளந்து எழுது."

ஜூன் 13

யாரை அளப்பது என்று சார் சொல்லவில்லை. பிறரை அளப்பதென்றால் அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குப் பேச வேண்டும். என்னையே அளந்தேன்.

ஏழு நாள். சட்டைப் பையில் கடிகாரம். வாயைத் திறக்கும்போது அழுத்தி, மூடும்போது நிறுத்தினேன். தூங்கும் நேரத்தைச் சேர்த்தால் நேர்மையாக இருக்காது என்பதால் விழித்திருந்த மணிகளை மட்டும் எடுத்தேன். ஒரு நாளைக்குப் பதினாறு. மொத்தம் நூற்றுப்பன்னிரண்டு வரிசை, ஐந்து பக்கம். முதல் பக்கத்தில் சுருக்கம். சராசரி, மணிக்கு முப்பத்தொரு விநாடி.

முடிவு: இரண்டாவது மாதிரி போதுமானது. ஐந்து விநாடி உபரி.

"மிச்சம் வேற இருக்குதா? பரவால்லயே," என்று சார் கையெழுத்துப் போட்டார்.

வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் ரெஜினா அக்கா மட்டும், "ஏண்டி தாரிணி, என்னய அளந்திருக்கலாமில்ல? காலைல காப்பிக்கு முன்னாடியே முப்பத்தாறத் தாண்டிருப்பேன்," என்றார்.

கேட்கலாம் என்று நினைத்ததுண்டு. கேட்கவில்லை.

ஜனவரி 17

இதுவரை அறுநூற்றுப்பன்னிரண்டு பேருக்குப் பொருத்தியாகிவிட்டது. ஆறு மாத அறிக்கைக்குப் புகார்ப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தேன். புகார் பூஜ்யம். 'அழைப்பு பாதியில் நின்றது' என்ற பத்தியில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு.

"என்னக்கா இது?"

"டவர் சரியில்ல. எல்லாரும் நல்லாத்தான் ஆரம்பிக்கறாங்க. 'வணக்கம் மேடம், ராசிபுரத்துல இருந்து பேசறேன், போன மாசம் உங்க பெட்டி வெச்சேன்'னு பேரு, நம்பரு, ஆஸ்பத்திரியெல்லாம் ஒவ்வொண்ணா சொல்லி முடிச்சு, 'அதுல என்ன பிரச்சனைன்னா'ங்கும். அப்புறம் சத்தமே இருக்காது. ஹலோ ஹலோன்னு நாலு தரம் கத்திட்டு வெச்சுருவேன்."

நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவும் சற்று நேரத்தில் என்னைப் பார்த்தார். கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யோ. அது டவர் இல்லியா?"

ஜனவரி 22

இன்று மாலை வகுப்பில் டிரான்ஸ்பார்மர் பாடம். ஆசிரியர் சொன்னார்: ஒரு தெருவின் சராசரி மின்தேவைக்கு ஏற்ப டிரான்ஸ்பார்மர் வைத்தால், ஏழு மணிக்கு எல்லா வீட்டிலும் விளக்குப் போடும்போது அது எரிந்துபோகும். சராசரியை மட்டும் பார்த்து எதையும் வாங்கக் கூடாது, உச்சத்தைப் பாருங்கள்.

இது இரண்டாம் ஆண்டின் இரண்டாம் பருவப் பாடம். நான் மாதிரியைத் தேர்ந்தெடுத்தது முதல் பருவம் தொடங்கிய மாதத்தில்.

வீட்டுக்கு வந்து அட்டவணையை எடுத்தேன். நூற்றுப்பன்னிரண்டு வரிசையில் ஒன்பதில் முப்பத்தாறு விநாடியைத் தாண்டியிருந்தேன். மிகப் பெரியது வியாழக்கிழமை, மாலை ஏழிலிருந்து எட்டு. இருநூற்றைம்பத்திரண்டு விநாடி. அன்று கல்லூரியில் மின்சாரம் இல்லை. வகுப்பு நடக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் இருந்தவர் பெயர் அட்டவணையில் இல்லை. அதற்குப் பத்தி போட்டிருக்கவில்லை.

அந்த மணியை முப்பத்தாறில் வெட்டினால், என் ஊர் எது என்று சொன்னதோடு நின்றிருக்கும்.

ஜனவரி 24

சாரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இப்ப என்ன பண்ணலாங்கற?" என்றார்.

நான்காவதாக ஒரு மாதிரி இப்போது சந்தைக்கு வந்திருக்கிறது. கழுத்துப்பட்டை ஒன்றைத் தினமும் ஒரு மணி நேரம் போட்டுக்கொண்டால் தோல் வழியாகவே பேட்டரி ஏறிவிடும். அலைவரிசையும் வேறு. வரம்பு கிடையாது. ஆனால் அறுநூற்றுப்பன்னிரண்டு கழுத்துகளையும் ஒருமுறை திறக்க வேண்டும். அரசுக் காப்பீட்டுக் குழு ஒப்புக்கொண்டால்தான் நடக்கும். இப்போது இருப்பது ஒரு மனிதருக்குப் போதாது என்று நிரூபித்தால்தான் குழு ஒப்புக்கொள்ளும்.

"நிரூபி. நீதான போதும்னு நிரூபிச்ச," என்றார் சார். குத்தலாகச் சொன்னாரா, சாதாரணமாகத்தான் சொன்னாரா, தெரியவில்லை.

பிப்ரவரி 13

குடும்ப நீதிமன்றத்திலிருந்து எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. எங்கள் பெட்டியை வைத்திருக்கும் மோகனப்பிரியா என்பவருக்கும் அவர் கணவர் சுதாகருக்கும் விவாகரத்து முடிந்து, எட்டு வயது மகள் யாரிடம் வளர்வது என்ற வழக்கு. கணவர் தரப்பில் என்னைச் சாட்சியாகப் போட்டிருக்கிறார்கள். மணிக்கு முப்பத்தாறு விநாடி பேசும் தாயால் ஒரு பிள்ளையை வளர்க்க முடியாது. இந்தக் கருவி போதாது என்பதை அதைத் தேர்ந்தெடுத்தவரே வந்து சொல்ல வேண்டும். இதுதான் அவர்கள் கேட்பது.

அதைத்தான் நான் குழுவுக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதி முடிந்துவிட்டது.

பிப்ரவரி 16

பதினொன்றே முக்காலுக்கு அந்த அம்மாவே கம்பெனிக்கு வந்தார். பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பவர். வயது முப்பத்தேழு இருக்கும். நெஞ்சில் எங்கள் பெட்டி, அதன் மேல் மகள் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர். மகள் மிருதுளாவும் கூட வந்திருந்தாள்.

ரெஜினா அக்கா பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். "பசிக்குதா கண்ணு?"

தலையாட்டினாள்.

"க்ரீம் பிஸ்கட்டா, சாதாவா?"

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா இல்லன்னு வர்ற மாதிரி கேளுங்க," என்றாள்.

அக்கா டப்பாவையே அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மா அதற்குள் பேச ஆரம்பித்திருந்தார். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். பெட்டிக்கு மூச்சு வேண்டாம்.

"அம்மிணி, வியாழக்கெழம கோர்ட்டுக்கு உங்களக் கூப்புட்டிருக்காங்கன்னு வக்கீல் சொன்னாருங்க. பத்தாதுன்னு சொல்லிராதீங்க. சொன்னீங்கன்னா என்ற புள்ளைய அவுங்கப்பாகிட்டக் குடுத்துருவாங்க."

"அம்மா, இருவது ஆச்சு," என்றாள் சிறுமி. அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வலது கை விரல்கள் மட்டும் பாவாடை மேல் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

"அவுரு சொல்றதும் பொய்யில்லீங்க. புள்ளைக்குப் பேச்சு கொறஞ்சுதான் போச்சு. முந்தியெல்லாம் ஏன் எதுக்குன்னு கேட்டே உசுர வாங்குவா. இப்பக் கேக்கறதில்ல. நான் பதில் சொன்னா எனக்குக் கொறஞ்சு போயிருமாம். நல்ல புள்ளைங்க. ஆனா"

பெட்டி நின்றது. மணி பதினொன்று ஐம்பத்தொன்று. அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

போனில் தட்டிக் காட்டினார். 'இதுல எழுதினா போனே படிக்கும். ஆனா அது வேற குரல். கேட்டா அவ திரும்பிப் பாக்க மாட்டேங்கறா.'

நான் பேசினேன். எனக்கு வரம்பு இல்லை என்பது அந்த அறையில் கூச்சமாக இருந்தது. "பத்தாதுன்னு நிரூபிச்சாத்தாங்கக்கா எல்லாருக்கும் புதுசு வெச்சுத் தருவாங்க. உங்களுக்குந்தான். நான் ஏற்கெனவே எழுதிட்டிருக்கேன்."

'எப்போ வரும்?' என்று தட்டினார்.

"ஒரு வருசம் ஆகலாம்."

'கேஸ் வியாழன்.'

மூவரும் உட்கார்ந்திருந்தோம். சிறுமி பிஸ்கட்டைச் சத்தம் வராமல் கடித்தாள். சுவரில் பன்னிரண்டு ஆனது.

"ஆனா," என்றார் அந்த அம்மா, விட்ட இடத்திலிருந்து. "கம்பெனில நான் ஒரு வார்த்த பேசறதில்ல. ஏழு மணில இருந்து இவ தூங்கற வரைக்கும் எத்தன முப்பத்தாறு வருதோ அத்தனையும் இவளுக்குத்தானுங்க. ஒரு நாளும் மிச்சம் வெச்சதில்ல. வேற எந்த அம்மா அப்படி எண்ணி எண்ணிப் பேசறா, சொல்லுங்க?"

மகளின் தலையைத் தொட்டு எழுப்பினார். இன்னும் பதினாறு விநாடி இருந்தது. பேருந்தில் அவளுக்குத் தேவைப்படும் என்று நினைத்திருக்கலாம். வெறும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிப்ரவரி 18

சாரிடம் கேட்டேன், நாளை என்ன சொல்வது என்று.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. கோர்ட்டுல யாரும் அதிகமாப் பேசிக் கெட்டதில்லன்னு சொல்ல முடியாது," என்றார்.

"நான் அதிகமாப் பேசறவ இல்லீங்க சார்."

"அதான் எனக்கு பயம்."

பிப்ரவரி 19

நீதிமன்ற வராந்தாவில் சுதாகர் என்னிடம் வந்தார். முரட்டு ஆளாக இருப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள மனிதர்.

"வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. அவ நல்ல அம்மாதான். நான் கொற சொல்லல. போன ஞாயித்துக்கெழம புள்ளைய ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒட்டகச்சிவிங்கி முன்னால அரை மணி நேரம் நின்னா. ஒரு கேள்வி கேக்கல. எட்டு வயசுங்க. எனக்கு அன்னிக்கு சோறு எறங்கல."

அவர் சொன்னதிலும் பொய் எதுவும் இல்லை. எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது, கிடைக்கவில்லை.

கூண்டில் ஏறினேன். அவருடைய வக்கீல் எழுந்தார்.

"இந்த முப்பத்தாறு விநாடி ஒரு மனுசருக்குப் போதும்னு முடிவு பண்ணது யாரு?"

"நாந்தாங்க."

"எத வெச்சு முடிவு பண்ணீங்க?"

"அளந்து பாத்துங்க."

"யார அளந்தீங்க?"

"என்னைத்தாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீலும் சிரித்துக்கொண்டே நீதிபதி பக்கம் திரும்பினார். "பாருங்க மேடம். அறுநூறு பேரோட தொண்டைய இந்தப் பொண்ணு தன்னை மட்டும் அளந்து முடிவு பண்ணிருக்கு."

நீதிபதி சிரிக்கவில்லை. ஐம்பது வயதுப் பெண்மணி. "ரிப்போர்ட் இருக்காம்மா?"

முதல் பக்கத்தைக் கொடுத்தேன். மீதி நான்கு பக்கமும் கைப்பையில் இருந்தன. அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"விழிச்சிருக்கற நேரம் மட்டும். மணிக்கு முப்பத்தொண்ணு. நீங்க வேலைக்குப் போறீங்க?"

"ஆமாங்க மேடம்."

"படிக்கறீங்க?"

"மாலை வகுப்புங்க."

"வீட்ல யாரெல்லாம்?"

"அம்மா, அப்பா, தம்பி."

"எல்லாரோடயும் நல்லாத்தான இருக்கீங்க?"

"ஆமாங்க."

"அப்ப இது உங்களுக்குப் போதுமா இருந்துச்சா?"

வக்கீலின் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லப் போவது தெரிந்தது. இந்தப் பக்கம் கேள்வி திரும்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

மோகனப்பிரியா என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பார்த்தாள். அவள் விரல்கள் பாவாடை மேல் மடங்கி விரிந்துகொண்டிருந்தன. என்னை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"போதுமா இருந்துச்சுங்க மேடம்," என்றேன்.

மார்ச் 5

தீர்ப்பு வந்துவிட்டது. பிள்ளை தாயிடம். ஞாயிறுகளில் தந்தையிடம்.

பதினான்காவது பத்தியை ரெஜினா அக்கா உரக்கப் படித்தார்: "உழைத்து, கற்று, குடும்பத்தோடு இயல்பாக வாழும் ஒருவருக்கு மணிக்கு முப்பத்தொரு விநாடிப் பேச்சே போதுமானதாக இருந்தது என்பது நேரடிச் சாட்சியத்தால் நிறுவப்பட்டுள்ளது. எனவே முப்பத்தாறு விநாடி என்பது குறைபாடாகாது."

"உன்னயப் பத்திதாண்டி. இயல்பா வாழறயாம்," என்றார்.

மோகனப்பிரியாவிடமிருந்து அழைப்பு வந்தது. "நன்றிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மணி ஆறே முக்கால். இன்னும் கால் மணியில் மகளுக்கான நேரம் தொடங்கும்.

நான் செய்தது சரி என்று இன்று முழுவதும் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றும் நாட்கள் எனக்குக் குறைவு என்பதால் குறித்துவைக்கிறேன்.

ஏப்ரல் 2

காப்பீட்டுக் குழுவிலிருந்து கடிதம். அறுநூற்றுப்பன்னிரண்டு பேருக்கும் ஒலிபரப்பியை மாற்றித் தரச் சொல்லி நாங்கள் அனுப்பியிருந்த கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம், பதினான்காவது பத்தி.

அதே உறையில் இரண்டாவது கடிதம். மாநிலம் முழுவதும் குரல் இழந்த நாற்பதாயிரம் பேருக்கு இலவசமாகப் பெட்டி பொருத்தும் திட்டம். பேச்சு நேரம் மணிக்கு முப்பத்தாறு விநாடி என்று விதிமுறையிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு மேல் பேசும் மாதிரிகள் ஆடம்பரம் என்ற வகையில் வரும். ஏற்கெனவே நீதிமன்றத்தில் நிறுவப்பட்ட கருவி என்பதால் எங்களுக்கு முன்னுரிமை.

சம்பத் சார் இரண்டு கடிதங்களையும் என் ஸ்டூல் மேல் வைத்தார். "பதினஞ்சு வருசமா இந்த மாதிரி ஒரு ஆர்டருக்குத்தான் ஏங்கிட்டிருந்தேன்," என்றார். குரலில் அது தெரியவில்லை.

"மீதி நாலு பக்கத்தையும் குழுவுக்கு அனுப்பிரலாங்களா சார்?"

"அனுப்பு. கோர்ட்டுல ஏன் குடுக்கலன்னு கேப்பாங்க. அப்ப அங்க சொன்னது என்னாச்சும்பாங்க. கேஸ மறுபடி எடுப்பாங்க. அந்தப் புள்ள?"

நான் இரண்டு கடிதங்களையும் எடுத்து உறைக்குள் வைத்தேன்.

"நான் உன்னய அனுப்ப வேண்டாங்கல, தாரிணி. அனுப்பச் சொல்லவும் மாட்டேன். என்னால ரெண்டும் முடியல."

ஏப்ரல் 9

குழுவுக்குக் கடிதம் எழுதி ஒரு வாரம் ஆகிறது. உறையில் போட்டு ஒட்டவில்லை. ஒரு நாள் நாற்பதாயிரம் பேரை நினைத்துக்கொண்டு கையில் எடுக்கிறேன். மறுநாள் ஒரு பிள்ளையை நினைத்துக்கொண்டு மேசைக்குள் வைக்கிறேன். இரண்டையும் தராசில் போட்டு அட்டவணையாக எழுதிப் பார்த்தேன். இடப்பக்கம் எண்கள் வந்தன. வலப்பக்கம் ஒன்று என்று எழுதியதும் அதற்கு மேல் எழுத முடியவில்லை.

இன்று ரெஜினா அக்கா சாப்பிடப் போனபோது அவருடைய போனை நான் எடுத்தேன். மணி ஒன்று இருபது.

ஓர் ஆணின் குரல், எங்கள் பெட்டியில் வரும் குரல். பின்னால் பேருந்து ஹாரன்கள். "பேப்பர்ல படிச்சனுங்க. அந்தக் கம்பெனிப் பொண்ணு இருக்காங்களா?"

"நாந்தாங்க பேசறேன்."

"அது நெசந்தானுங்களா? உங்களுக்குப் போதுமா இருந்துச்சா?"

எட்டு விநாடி ஆகியிருந்தது. அவருக்கு இன்னும் இருபத்தெட்டு இருந்தது. அவர் காத்திருந்தார். ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இல்லீங்க," என்றேன்.

அது ஒரு விநாடிகூட ஆகவில்லை. அவர் தன் இருபத்தெட்டில் ஒன்றையும் எடுக்கவில்லை. போனை வைக்கவும் இல்லை.